கோல் விழுந்த பிறகு மணிச் சத்தமா? டிவிடியை செல்போனுக்கு மாற்றும்போது

களக்காடு பக்கம் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை ஒரு வருடம் டிவிடியில் எடுத்து வைத்திருந்தார்கள். அதை மாற்றி ஆச்சியின் செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தவள், "ஏல, கோலு விழுந்த பொறவுல்லா மணி கேக்கு" என்றாள். உண்மைதான். வில்லுப்பாட்டு பாடுபவர் வீசுகோலால் நாணைத் தட்டி, கை மேலே போன பிறகுதான் வில்லில் கட்டிய சலங்கை மணி ஒலித்தது.

அந்த அடியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவரின் வாயசைவை வைத்துக் கணிப்பது கஷ்டம். கோல் நாணைத் தொடும் நொடி, குடத்தில் அடி விழும் நொடி, கல்யாண வீடியோ என்றால் தவிலில் குச்சி படும் நொடி, இவை ஏமாற்றாது.

முதலில் ப்ளூடூத் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். ப்ளூடூத்தே சத்தத்தைப் பிந்த வைக்கும். பலர் ஃபைலைக் குறை சொல்வது இதனால்தான்.

அப்புறம் டிஸ்க்கைப் பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, அதிலுள்ள வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். உள்ளே இருக்கும் விஓபி (VOB) ஃபைல்கள் ஒரே படத்தை 1 ஜிபிக்கு மிகாமல் வெட்டிய துண்டுகள். அவற்றைத் தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டுமிடத்தில் சத்தம் விலகலாம். எனவே வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் (HandBrake) சாஃப்ட்வேரில் ஃபோல்டரையே திறக்க வேண்டும். அதற்கு முன் காப்பியை விஎல்சி (VLC) ப்ளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பிந்தினால் கோளாறு டிஸ்க்கில் இருக்கிறது, மாற்றியதில் இல்லை.

இனிதான் முக்கியமான இடம். மாற்றிய ஃபைலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஒவ்வோர் அடியைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு பிந்துகிறதா, போகப்போகக் கூடுகிறதா? இதைப் பார்க்காமல் எதையும் திருத்தாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரே அளவு என்றால் வேலை சுலபம். விஎல்சியில் ஓட்டிக்கொண்டே 'ஜே' பட்டனைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் 50 மில்லிசெகண்ட் முந்தும். 'கே' பிந்த வைக்கும். கோலும் மணியும் சேரும்போது திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டுத் தட்டு, அதாவது -400. விஎல்சி இதை ஃபைலில் எழுதாது. அதனால் அவிடெமக்ஸ் (Avidemux) என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து, வீடியோ, ஆடியோ இரண்டையும் 'காப்பி'யிலேயே விட்டு, ஆடியோவின் கீழுள்ள 'ஷிஃப்ட்'டை டிக் செய்து அந்த எண்ணைப் போடுங்கள். எம்பி4 ஆகச் சேமியுங்கள். விலகல் இரட்டிப்பானால் குறியை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

போகப்போகக் கூடினால் ஷிஃப்ட் உதவாது. தொடக்கத்தைச் சரிசெய்தால் முடிவு கெடும். நம் ஊர் டிவிடி பெரும்பாலும் பிஏஎல் (PAL) என்ற வீடியோ முறை, நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம். மாற்றும்போது ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்படி விட்டால் சில சின்ன ப்ளேயர்களுக்குக் கணக்குத் தப்பும். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் 'சேம் அஸ் சோர்ஸ்', அதனுடன் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றுங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய டிஸ்க் என்றால் 29.97 ஃப்ரேம். அதை ஏதாவது சாஃப்ட்வேர் 30 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும்.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று தாவினால், அந்த இடத்தில் கீறல் இருக்கலாம். வேறொரு டிரைவில் போட்டு மறுபடி காப்பி எடுத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகும் வீடியோ_டிஎஸ் காப்பியை அழிக்காதீர்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கின் சாயப்பூச்சு வருடங்களில் மங்கும். அந்தக் கொடையில் பாடியவர் இன்று இல்லை. அவர் குரல் எங்களிடம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.