டார்கெட் ஸ்பிரின்ட்: மூச்சிரைக்க ஓடிவந்து ஐந்து தட்டையும் சாய்ப்பது எப்படி?

400 மீட்டர் ஓட்டம், நின்றபடி ஐந்து இலக்குத் தட்டுகளைச் சுட்டுச் சாய்ப்பது, மறுபடி 400, மறுபடி ஐந்து தட்டு, கடைசி 400 ஓடி முடிவுக்கோடு. இதுதான் டார்கெட் ஸ்பிரின்ட். சுடும் தூரம் 10 மீட்டர், 4.5 மி.மீ. ஏர் ரைபிள், தட்டின் விட்டம் 35 மி.மீ. பனிச்சறுக்கும் சுடுவதும் சேர்ந்த பயத்லான்போல ரைபிளைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். அது சுடும் மேசையிலேயே இருக்கும். உங்களுக்கு ஓடவும் தெரியும், சுடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல்.

ரைபிள். காற்றை முன்பே நிரப்பிவைக்கும் சிலிண்டர் ரைபிள்தான் என் தேர்வு. ஸ்பிரிங் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் பலம்கொடுத்து இழுக்க வேண்டும். ஓடி வந்த கைக்கு அது பெரும் சுமை. டிரிகரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக வையுங்கள். விரல் படபடக்கும்போது லேசான டிரிகர் குறி வருவதற்கு முன்பே விடுபட்டுவிடும். குழல் முனையில் குறிபார்க்கும் முன்சைட்டில் வழக்கமான வளையத்தைவிட ஒரு அளவு பெரியதைப் போடுங்கள்.

உடை. தடித்த சுடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே டி-ஷர்ட்டில் சுட்டுப் பழகுங்கள். ஷூவின் அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் நிற்கும்போது உடல் ஆடும். மெலிந்த, தட்டையான அடிப்பாகமே நல்லது.

கடைசி 50 மீட்டர். வேகத்தைச் சற்றுக் குறைத்து, மூச்சை நீளமாக வெளியே தள்ளிக்கொண்டே வாருங்கள். இங்கே போகும் ஓரிரு விநாடி மேசையில் திரும்பக் கிடைக்கும்.

பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) போடுவது. துளையிட்ட கட்டையில் தலை முன்னோக்கி இருக்கும்படி வரிசையாக அடுக்கிவையுங்கள். டப்பாவில் கைவிட்டுத் துழாவினால் பெல்லட்டின் பாவாடை, அதாவது பின்விளிம்பு, நசுங்கும், குண்டு விலகும். கீழே விழுந்ததைக் குனிந்து தேடாதீர்கள், அடுத்ததை எடுங்கள்.

சுடுவது. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பழகியவர்கள் பத்துப் புள்ளிக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. இங்கே இருப்பதோ 35 மி.மீ. தட்டு, வழக்கமான இலக்கின் 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தைவிடவே பெரியது. தோளிலிருந்து குழல் முனைவரை ஒரு மீட்டர் என்று கொண்டால், முனை நடுவிலிருந்து எந்தப் பக்கமும் ஒன்றே முக்கால் மி.மீ. வரை விலகலாம், அப்போதும் தட்டு விழும். வளையத்துக்குள் தட்டு மெதுவாக ஆடிக்கொண்டிருக்கட்டும். அசைவு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அழுத்துங்கள்.

இதயத் துடிப்புக்கு நடுவே சுடலாம் என்ற அறிவுரையும் இங்கே உதவாது. நிமிடத்துக்கு 170 துடிப்பு என்றால் இடைவெளி 0.35 விநாடிதான். இரண்டு ஆழ்ந்த மூச்சு, பாதி வெளியே விட்டு நிறுத்தி, இரண்டு மூன்று விநாடிக்குள் சுடுங்கள். அதற்குள் சுட முடியாவிட்டால் மறுபடி மூச்சு வாங்குங்கள். ஓடி வந்த உடலுக்குக் காற்று போதாது. பிடித்துவைத்தால் பார்வை மங்கும், கை நடுங்கும்.

ஒரு தட்டுக்கு இரண்டு விநாடி குறைத்தால் பத்துத் தட்டுக்கு 20 விநாடி. ஓட்டத்தில் அதே 20 விநாடியைக் குறைக்க எத்தனை மாதம் பயிற்சி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளம்பும் முன். போல்ட் (குண்டு போடும் இடத்தை மூடும் பகுதி) திறந்திருக்க வேண்டும், ரைபிளின் குண்டு அறையில் பெல்லட் இருக்கக் கூடாது, குழல் இலக்கின் பக்கமே பார்க்க வேண்டும். ஐந்தாவது தட்டு விழுந்த உற்சாகத்தில் இதை மறப்பவர்கள் அதிகம். எவ்வளவு அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை குண்டு சுடலாம், விழாத தட்டுக்கு என்ன தண்டனை என்பதை அந்தந்தப் போட்டியின் விதித்தாளில் பார்த்துவிடுங்கள்.

பயிற்சி. முதல் இரண்டு வாரம் பெல்லட் இல்லாமல் டிரை ஃபயர் மட்டும். பிறகு 400 மீட்டர், ஐந்து குண்டு, மூன்று நிமிட ஓய்வு. இப்படி ஐந்து சுற்று. ரேஞ்ச் பக்கத்தில் மைதானம் இல்லையென்றால் ஒரு நிமிடம் வேகமாக ஸ்கிப்பிங் ஆடிவிட்டு ரைபிளை எடுக்கலாம்.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பலர் கண்ணாடியில் ஆவி படிவதுபற்றிக் கேட்டார்கள். ஓடி வந்து நின்றதும் முகச்சூட்டில் கண்ணாடி மங்கும். நீச்சல் கண்ணாடிக்குப் பூசும் ஆவித்தடுப்புத் திரவத்தை முன்னதாகவே தடவுங்கள். நெற்றிப்பட்டை கட்டுங்கள், பின்சைட்டின் துளையில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் தட்டு தெரியாது.