சக நாடகக்காரர் எழுதிய குறுநாடகத்தை நாலு பேருக்குச் சொல்வது எப்படி?

'வள்ளி திருமணம்' நாடகத்தை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவுக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தனித்தனியாக ஆள் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் போதும். அதற்கு முன் சேர்ந்து நடித்தே இராதவர்கள்கூட அன்று ராத்திரி மேடையேறி விடிய விடிய நடத்திவிட்டுப் போவார்கள். ஒத்திகை கிடையாது. 1918-இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாரே சங்கரதாஸ் சுவாமிகள், அவர் எழுதிவைத்த பாட்டும் தர்க்கமும் இன்றைக்கும் அவர்கள் நாக்கில் இருக்கின்றன.

நாம் எழுதுகிற இருபது நிமிட நாடகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, அடுத்த வருடம் மதுரையில் மு. ராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கம் என்று நவீன நாடகத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு வரலாறு உண்டுதான். இருந்தாலும் ஒரு கல்லூரி விழாவில் போட்ட குறுநாடகம் அதோடு யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகத் தூங்கிவிடுகிறது. உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ ஒரு தமிழாசிரியர் அதே மாதிரி ஒன்றைத் தேடி அலைந்துகொண்டிருப்பார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பரிந்துரையைப் படிக்கப் போகிறவர் நாடகம் போடப் போகிறவர். ரசிகருக்கு எழுதுவது வேறு, இவருக்கு எழுதுவது வேறு. இவர் கையில் ஆள் குறைவு, காசு குறைவு, நாள் அதைவிடக் குறைவு. அவருக்கு உதவாத எந்த வரியும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டிதான்.

1. வாய்விட்டுப் படியுங்கள்

கண்ணால் படித்துவிட்டு நாடகத்தைப் பரிந்துரைக்காதீர்கள். இரண்டு மூன்று பேரைக் கூட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. வாயில் வருகிறதா என்பதுதான் கேள்வி. தாளில் கம்பீரமாக நிற்கிற வசனம் பேசும்போது மூச்சு முட்டவைக்கும். ஒன்றுமில்லாதது போல் தெரிந்த "சரி, சாப்பிட்டியா?" என்ற ஒரு வரிக்கு அறையே கொஞ்ச நேரம் அமைதியாகும்.

படிக்கும்போதே செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுங்கள். எத்தனை பக்கம் என்று எழுதியவர் சொல்வதை வைத்து நேரத்தைக் கணக்குப் போட முடியாது. "மௌனம்" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பார், மேடையில் அது ஒரு நிமிடம் பிடிக்கும். பாட்டு இருந்தால் இன்னும் கூடும். போட்டிகளில் நேரம் தாண்டினால் மார்க் போகும் என்பதால் கல்லூரி ஆட்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

வட்டார வழக்கையும் இந்தக் கட்டத்திலேயே காதால் சோதித்துவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்து மொழியில் எழுதியதை நம்ம ஊர்ப் பிள்ளைகள் பேசினால் சில நாடகம் தாங்கும், சில நாடகம் சிரிப்புக்கிடமாகிவிடும். தாங்குமா, மதுரைப் பேச்சுக்கு மாற்றினால் என்ன போகும் என்று ஒரு குறிப்பு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

2. யார் கேட்கிறார்கள்?

மகளிர் கல்லூரியா? ஆண் பாத்திரம் எத்தனை, அதைப் பெண்களே செய்ய முடியுமா என்று கேட்பார்கள். பள்ளியா? மேடையில் சிகரெட் பற்றவைக்கிற காட்சி இருந்தால் தலைமையாசிரியர் அறையைத் தாண்டாது. கிராமத்து மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், போடப் போகும் குழுவா? கிசுகிசுப்பாகப் பேசுகிற காட்சி லட்சுமி சுந்தரம் ஹால் மாதிரி மூடிய அரங்கில் எடுபடும், மந்தையில் மூன்றாவது வரிசைக்கே கேட்காது. எல்லோருக்கும் ஒரே பரிந்துரையை ஃபார்வர்டு பண்ணுவது சோம்பேறித்தனம்.

3. முதல் இரண்டு வரியில் நடப்பதைச் சொல்லுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். விளக்கத்துக்காக ஒரு நாடகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'முழம்'. வழக்கமாக வருகிற பரிந்துரை இப்படி இருக்கும்:

"நண்பரின் 'முழம்' படித்தேன். அசந்துபோனேன். பூ விற்கும் பெண்களின் வலியை இவ்வளவு நுட்பமாக யாரும் சொன்னதில்லை. அவசியம் மேடையேற்றப்பட வேண்டிய படைப்பு!"

இதைப் படித்த ஆசிரியருக்கு என்ன தெரிந்தது? நீங்கள் அசந்துபோனீர்கள் என்று தெரிந்தது. எத்தனை பேர் நடிக்க வேண்டும், மேடையில் என்ன நடக்கிறது, மேசை வேண்டுமா நாற்காலி வேண்டுமா, ஒன்றும் தெரியவில்லை. அதோடு "வலி" என்ற சொல் இப்போது எல்லா நாடகத்தின் நோட்டீஸிலும் இருக்கிறது. அதை நம்பி யாரும் ஒத்திகைக்கு இடம் பிடிக்க மாட்டார்கள்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"'முழம்'. 18 நிமிடம். இரண்டு பெண்கள், திரைக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். அம்மன் சன்னதி வாசலில் பக்கத்துப் பக்கத்தில் பூ விற்கிறார்கள் ஒரு கிழவியும், புதிதாகக் கடை போட்ட ஓர் இளம்பெண்ணும். இளம்பெண்ணுக்குக் கை நீளம். அவள் அளந்தால் பூ கூடக் கிடைக்கிறது என்று கூட்டம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு கட்டத்தில் கிழவி எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்து நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தன் சரத்தை வைத்துப் பார்க்கிறாள். அங்கே வசனமே இல்லை. நடிகைகள் பேசிக்கொண்டே பூக்கட்ட வேண்டும், பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வாரமாவது பயிற்சி தேவை. நடுவில் வரும் போன் பேச்சு நீளம், எழுதியவர் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். இரண்டு தாம்பாளம், ஈரத்துணி, வாழைநார் போதும், செட் வேண்டாம். மகளிர் கல்லூரிக்கும் தெருமுனைக்கும் பொருந்தும். எழுதியவர் என் நண்பர், எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் படித்துத் திருத்திய பிரதி இது."

பாராட்டு என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் படிப்பவர் மனதில் நாடகம் ஓட ஆரம்பித்துவிடும். யாரை எந்தப் பாத்திரத்துக்குப் போடலாம் என்று தன் மாணவிகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

இதில் எதை எங்கிருந்து எடுத்தோம் என்று பார்ப்போம்.

4. ஒரே ஓர் இடத்தைக் காட்டுங்கள்

கை அளக்கிற காட்சியை மட்டும்தான் சொன்னோம். கதை முழுக்கச் சொல்லவில்லை, முடிவைத் தொடவே இல்லை. முடிவு தெரிய வேண்டுமென்றால் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால், வாசிப்புக்கு வந்தவர்கள் டீ குடிக்கப் போகும்போது எதைப் பற்றிப் பேசினார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அதுதான்.

வசனத்தை மேற்கோள் காட்டுவதாக இருந்தால் ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. தத்துவ வசனத்தை எடுக்காதீர்கள். எழுத்தாளருக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பாத்திரம் பேசுகிற வரியாகப் பார்த்து எடுங்கள்.

5. இடிக்கிற இடத்தையும் சொல்லுங்கள்

"போன் பேச்சு நீளம்" என்று எழுதினால் நண்பர் முகம் வாடும்தான். ஆனால் அந்த ஒரு வரி இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். குறை சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் எழுதியவரிடம் பேசிவிடுங்கள். மாற்றச் சம்மதமா, அப்படியேதான் போட வேண்டுமா என்று கேட்டு, அவர் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள். இயக்குநருக்கு அது குறையாகத் தெரியாது, ஒத்திகைக்கான தகவலாகத்தான் தெரியும்.

குறைகளைப் பட்டியல் போடவே மூன்று பத்தி தேவைப்படுகிறது என்றால், அந்த நாடகத்தை இப்போதைக்குப் பரிந்துரைக்காமல் விடுங்கள். எழுதியவருக்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

சாதிப் பெயர், வசைச்சொல், அடிக்கிற காட்சி, மேடையில் நெருப்பு: இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்ல காரணத்தோடுதான் இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒத்திகை பாதி நடந்த பிறகு நிர்வாகத்துக்குத் தெரியவந்து நாடகம் நின்றால், அடுத்த முறை உங்கள் சிபாரிசை அந்தக் கல்லூரியில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

6. உறவைச் சொல்லிவிடுங்கள்

நம் நாடக வட்டம் சின்னது. மணியம்மை பள்ளியில் ஒரு கூட்டம் என்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பே பழகியவர்கள். ஆகவே நண்பரின் நாடகத்தைச் சொல்வதில் தப்பில்லை, நண்பர் என்பதை மறைத்தால்தான் தப்பு. "நண்பர்", "என் குழுவில் நடித்தவர்", "என் மாணவி" என்று ஒரு சொல் போதும்.

"நீ என்னுடையதைச் சொல்லு, நான் உன்னுடையதைச் சொல்கிறேன்" என்ற மொய் கணக்கில் மட்டும் இறங்காதீர்கள். மூன்றாவது சுற்றிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவர் உங்கள் நாடகத்தை நாலு இடத்தில் சொல்லியிருக்கலாம். அவருடையது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், பரிந்துரை எழுதாதீர்கள்.

7. பிரதியை நீங்களே அனுப்பிவிடாதீர்கள்

ஆர்வக்கோளாறில் பிடிஎஃப்பைத் தட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். எழுதியவரிடம் கேளுங்கள். எந்தத் திருத்தம் கடைசியானது என்று அவருக்குத்தான் தெரியும். பழைய பிரதி சுற்றினால் நாடகம் பழைய தப்புகளோடு மேடையேறும்.

சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாடகத்தின் உரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். பொது நிகழ்ச்சியாகப் போட வேண்டுமென்றால் அவருடைய அனுமதி தேவை. கல்வி நிலையத்துக்குள் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, அவர்களும் பெற்றோரும் அந்த நிலையத்தோடு தொடர்புடையவர்களும் மட்டுமே பார்க்கிற நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அதே நாடகத்தை வெளியாட்கள் பார்க்கிற போட்டிக்கு எடுத்துப் போனால் அந்த விலக்கு பொருந்தாது. சட்டம் விலக்குக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் மரியாதை என்று பரிந்துரையின் அடியில் எழுதிவிடுங்கள். ராயல்டி எதிர்பார்க்கிறாரா, நோட்டீஸில் பெயர் போட்டால் போதுமா என்பதையும் அவரிடமே கேட்டு அங்கேயே எழுதலாம். காசு விஷயம் பேசக் கூச்சப்பட்டுத்தான் பல நல்ல நாடகங்கள் பேச்சோடு நின்றுவிடுகின்றன.

போன் நம்பரையும் அனுமதி வாங்கிக்கொண்டே கொடுங்கள். குறிப்பாக எழுதியவர் பெண் என்றால், நீங்களே நடுவில் இருந்து முதல் பேச்சை நடத்திக் கொடுப்பது நல்லது.

8. போட்ட பிறகு

நாடகம் எங்காவது மேடையேறினால் தேதி, இடம், நோட்டீஸ் மூன்றையும் வாங்கி எழுதியவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்ததும் உங்கள் பரிந்துரையைத் திருத்துங்கள். 18 நிமிடம் என்று எழுதியது மேடையில் 22 ஆகியிருக்கலாம். செட் வேண்டாம் என்றது தப்பு, ஒரு பெஞ்ச் அவசியம் என்று தெரிந்திருக்கலாம். எங்கே கைதட்டினார்கள், எங்கே நெளிந்தார்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். அடுத்து கேட்கிற ஆசிரியருக்கு அந்தத் திருத்திய பரிந்துரையை அனுப்புங்கள், பழையதை அழித்துவிடுங்கள்.