சீலிங் அடிச்சும் வெக்கை போகேல்லையா? கூரைக்குள்ள காத்துக்கு வழி விடுங்கோ

எங்கட வன்னிப் பக்கம் சித்திரை வெயில் தாங்கேலாமச் சீலிங் அடிக்கிற ஆக்கள் கனபேர், ஆனா அடிச்சாப்பிறகும் இரவு பத்து மணிக்கு ஃபேனைப் போட்டா மேலயிருந்து சுடுகாத்துத்தான் இறங்குது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில காத்து அடைபட்டுக் கிடக்கிறதுதான் காரணம், கூரைச் சீற் சுட்டா அந்தக் காத்தும் சுடும், வெளிய போக வழியில்லாட்டி சீலிங்கையும் சுடவைக்கும்.

அப்பாச்சியாக்களின்ர மண்வீட்டை நினைச்சுப் பாருங்கோ. சுவர் கூரையோட முட்டாது, அந்த நீக்கலால அடுப்புப் புகையும் வெக்கையும் தானாப் போயிடும். சீமெந்து வீடு கட்டேக்க அதைத்தான் நாங்கள் பூசி மூடிப்போட்டம், எனக்கு இது பெரிய கவலை.

காத்து கீழால உள்ளிட்டு மேலால வெளிக்கிடோணும், ரெண்டில ஒண்டை மட்டும் வைச்சா ஓட்டம் வராது. தாவாரத்துக்கு அடியில வீட்டின்ர ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன வழியா விடுங்கோ, முக்கோணச் சுவரில முகட்டுக்குக் கிட்ட எவ்வளவு உயரமா ஏலுமோ அவ்வளவு உயரத்தில பூக்கல்லு, அதுதான் காத்து போற ஓட்டை வைச்ச கல்லு, வைக்கச் சொல்லுங்கோ. எல்லா ஓட்டையளின்ரயும் மொத்த அளவுக்கு, சீலிங் பரப்பை 150ஆல பிரிக்கிறது ஒரு பொதுக் கணக்கு. 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடெண்டா மூண்டே முக்கால் சதுர அடி மட்டில வரும், பாதி கீழ பாதி மேல. வலை அடிச்சா கொஞ்ச இடத்தை அது பிடிக்கும், அதால ஓட்டையைக் கூட்டி விடுங்கோ.

வலை கட்டாயம், இல்லாட்டி வவ்வாலும் எலியும் குடிவந்திடும், எலிக்குப் பின்னால பாம்பும் வரும். நுளம்பு வலை வேண்டாம், சோழகத்துப் புழுதியில அடைச்சுப்போடும், கால் இஞ்சிக் கம்பிவலை காணும். மாரி மழை வாடைக் காத்தோட வடகிழக்காலதான் சாய்ச்சு அடிக்கும், அந்தப் பக்கத்து ஓட்டைக்குத் தண்ணி வெளிய வடியிற மாதிரிச் சாய்ச்ச பலகை போடுங்கோ.

அலுமினியப் பேப்பர் விரிக்கிறதெண்டா சீற்றுக்குக் கீழ, மினுங்கிற பக்கம் கீழ பாக்க, அதுக்குக் கீழ ஒரு இஞ்சியாவது வெறும் இடம் இருக்கோணும், சீலிங்கோட ஒட்டினா பிரயோசனமில்லை.

அஸ்பெஸ்டஸ் சீற்றை மட்டும் தயவுசெய்து வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும், முக்கோணச் சுவரிலயே வேலையை முடியுங்கோ.

எல்லாம் முடிஞ்சு ஒரு மத்தியான வெயிலில, காத்து அடங்கி இருக்கேக்க, கீழ் ஓட்டைக்குக் கிட்ட ஊதுபத்தியைப் பிடிச்சுப் பாருங்கோ, புகை உள்ளுக்கு இழுபட்டா காத்து ஓடுது, இழுபடாட்டி மேல் ஓட்டையை இன்னும் பெருப்பிக்கோணும்.