கண்ணா, காதா, எது முந்தும்? ஸ்லோ மோஷன் வீடியோவில் எதிர்வினை நேரத்தை அளப்பது எப்படி

ஓசை கேட்டதும் விரலைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? விளக்கு எரிந்ததும் தூக்க? ஒலியைவிட ஒளி வேகமாயிற்றே, கண்தான் முந்தும் என்று பலர் நினைப்பார்கள். முந்துவது காது. பொதுவாக ஓசைக்கு 150 மில்லிநொடியை ஒட்டியும், ஒளிக்கு 190-ஐ ஒட்டியும் வரும். ஆக, நாம் பிடிக்க வேண்டிய வித்தியாசம் 40 மில்லிநொடிதான். அளக்கும் முறையில் உள்ள பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால் எல்லாம் வீண்.

இணையத்தில் கிடைக்கும் சோதனைகளில் இந்தச் சிக்கல் உண்டு. சாதாரணத் திரை ஒவ்வொரு 17 மில்லிநொடிக்கும் ஒருமுறைதான் புதுப் படம் காட்டும். புளூடூத் ஹெட்போனில் ஓசை 100 மில்லிநொடிக்கு மேல் தாமதமாக வருவது சகஜம். அதை மாட்டிக்கொண்டு சோதித்தால் கண் ஜெயித்ததாகத் தெரியும்! விழும் அளவுகோலைப் பிடிக்கும் பழைய முறை கண்ணுக்கு நல்லது (20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் சுமார் 0.2 நொடி). காதுக்கு உதவாது. விடுபவர் "விடு" என்று சொல்வதும் அவர் விரல் விலகுவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை.

அதனால் இரண்டையும் ஒரே கேமராவால் அளப்போம்.

தேவையானவை: நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள போன், டார்ச்சுக்கு இன்னொரு போன், ஒரு ஸ்பூன், ஒரு தட்டு, உதவிக்கு ஒருவர்.

படி 1: கேமராவை நிறுத்துங்கள். சோதிக்கப்படுபவரின் விரல், தட்டு, டார்ச் மூன்றும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்விளக்கின் கீழ் ஸ்லோ மோஷன் துடிதுடிக்கும், டார்ச் எப்போது எரிந்தது என்று குழம்பும். ஓசையும் ஒளியும் ஒரே தூரத்திலிருந்து, ஒரு மீட்டருக்குள் வரட்டும். ஒரு மீட்டர் கடக்க ஓசைக்கு 3 மில்லிநொடி ஆகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 2: ஒளிச் சோதனை. சோதிக்கப்படுபவர் ஆள்காட்டி விரலை மேசைமேல் அழுத்தி வைத்திருக்க வேண்டும். உதவியாளர் டார்ச்சைப் போட்டதும் விரலைத் தூக்க வேண்டும்.

நான் முதலில் பொத்தான் வைத்த சாதாரண டார்ச்சைத்தான் எடுத்தேன். கண்ணும் காதும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டின. விஷயம் என்னவென்றால், பொத்தான் "டக்" என்றது. விளக்குக்காகக் காத்திருந்தவர் அந்தச் சத்தத்துக்கு விரலைத் தூக்கிவிட்டார்! அதனால்தான் போன் டார்ச். தொடு ஒலியையும் அதிர்வையும் அணைத்துவிடுங்கள். உதவியாளரின் கையை அட்டையால் மறைத்துவிடுங்கள், கை அசைவும் காட்டிக்கொடுக்கும்.

படி 3: ஓசைச் சோதனை. இப்போது கண்களை மூடச் சொல்லுங்கள். ஸ்பூனால் தட்டில் ஒரே ஒரு தட்டு. விரல் அதே விரல், வேலை அதே வேலை. மெல்லிய ஓசைக்கும் மங்கிய ஒளிக்கும் எதிர்வினை தாமதமாகும் என்பதால், இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

படி 4: காத்திருப்பை மாற்றிக்கொண்டே இருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். "தயார்" என்று சொன்னபின் ஒவ்வொரு முறையும் 3 நொடி விட்டால், நாலாவது முறை விரல் தானாகவே எழும்பிவிடும். அது எதிர்வினை இல்லை, ஊகம். மனிதர் நினைத்தபடி நேரத்தை மாற்ற முடியாது, தெரியாமலே ஒரு தாளம் வந்துவிடும். எனவே 2 முதல் 6 வரை எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு, வந்த எண்ணுக்கு அத்தனை நொடி காத்திருங்கள். இடையிடையே ஒன்றுமே செய்யாமலும் இருந்து பாருங்கள். அப்போது விரல் எழும்பினால் ஊகிக்கிறார் என்று அர்த்தம்.

படி 5: எத்தனை முறை? முதல் ஐந்தும் பழக்கத்துக்கு, கணக்கில் வேண்டாம். அப்புறம் ஓசை 5, ஒளி 10, ஓசை 5. இந்த வரிசையில் போனால் களைப்பும் பழக்கமும் இரு பக்கமும் சமமாகப் பங்கு போகும்.

படி 6: ஃபிரேம்களை எண்ணுங்கள். வீடியோவைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும் பிளேயரில் திறக்கவும். வி.எல்.சி.யில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் நகரும். ஸ்பூன் தட்டைத் தொட்ட அல்லது டார்ச் எரிந்த ஃபிரேமிலிருந்து, விரல் எழும்பும் முதல் ஃபிரேம் வரை எண்ணி, 1000-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் மில்லிநொடி கிடைக்கும். 36 ஃபிரேம் என்றால் 150. சலிப்பான வேலைதான், ஆனால் பிழை ஓரிரு ஃபிரேம், அதாவது 8 மில்லிநொடிக்குள் அடங்கிவிடும்.

படி 7: கணக்கு. 100 மில்லிநொடிக்குக் கீழே வந்ததை நீக்குங்கள். ஓட்டப்பந்தயத்திலும் துப்பாக்கி வெடித்து 0.1 நொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம்தான். மீதியைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள் (எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி). மொத்தச் சராசரி வேண்டாம், ஒரே ஒரு கொட்டாவி அதைக் கெடுத்துவிடும்.

காது ஏன் முந்துகிறது? உட்செவியின் மயிர்ச் செல்கள் அதிர்வில் வளைந்ததுமே மின்சைகை பிறக்கிறது. விழித்திரையில் ஒளி பட்டபின் ஒரு வேதிவினைத் தொடர் நடந்து முடிய வேண்டும். தாமதத்தில் பெரும்பங்கு அங்கேதான்.

இது கைவந்ததும், பச்சைத் திரைக்கு வலது விரல், சிவப்புத் திரைக்கு இடது விரல் என்று வைத்துப் பாருங்கள். நேரம் கூடும். ஒளிச் சோதனையையும் அதே திரையில் ஒரே நிறத்தில் ஒருமுறை அளந்து, அந்த எண்ணைக் கழித்தால், நிறத்தைப் பிரித்தறிந்து விரலைத் தேர்ந்தெடுக்க ஆன நேரம் மிஞ்சும். 1868-இல் நெதர்லாந்தின் உடலியல் அறிஞர் டோண்டர்ஸ் செய்த கழித்தலும் இதே வகைதான், அவரிடம் போன் இல்லை, அவ்வளவுதான்.