கொழும்பில் கட்டுப்படியான செலவில் ஒரு போட்டி டெக்: மேஜிக் போப்பர் பர்ன், முதல் கார்டிலிருந்து

304 விளையாடும்போது 32 கார்டும் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் பொது. மேஜிக் த கேதரிங் என்ற கார்ட் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தனது 60 கார்டைத் தானே தெரிவுசெய்து கட்டிக்கொண்டு வருகிறார். காசு கரைகிற இடம் அதுதான். உள்ளே என்ன கார்ட் என்று தெரியாத பூஸ்டர் பக்கெட்டாக வாங்கி உடைத்துக்கொண்டே போனால் எவ்வளவு செலவழித்தாலும் ஒழுங்கான ஒரு டெக் சேராது. வேண்டிய கார்டை மட்டும் ஒற்றை ஒற்றையாக, ஒரே தடவையில் வாங்கினால் அதில் சிறு பங்கே போதும். கீழே அப்படி ஒரு டெக்கைக் கட்டுகிறோம்: ஸ்பெல்லால் எதிராளியின் லைஃபை நேரே எரித்து வெல்லும் பர்ன் டெக். லேண்ட் வைப்பது, மனா எடுப்பது, தாக்குவது ஆகிய அடிப்படைகள் தெரிந்திருந்தால் இதைப் பின்பற்றலாம்.

படி 1: ஃபோர்மட்டைத் தீர்மானியுங்கள்

ஃபோர்மட் என்பது எந்தக் கார்ட் செல்லும் என்று சொல்லும் விதித்தொகுப்பு. செலவில் பெரும்பகுதி இங்கேயே முடிவாகிவிடும். ஸ்டாண்டர்ட் ஃபோர்மட்டில் பழைய தொகுப்புகள் காலத்துக்குக் காலம் வெளியேறும். காசு கொடுத்து வாங்கிய கார்ட் அந்த மேசையில் செல்லாமல் போய்விடும். கமாண்டருக்கு 100 கார்ட், அடிப்படை லேண்ட் தவிர ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். கொழும்பில் தொடங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது போப்பர். எப்போதாவது ஒரு தடவையாவது கொமன் (எளிதில் கிடைக்கும் தரம்) கார்டாக வெளியானவை மட்டுமே இதில் செல்லும். பிரதான டெக் 60, ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிப்போட வைத்திருக்கும் சைட்போர்ட் 15, அடிப்படை லேண்ட் தவிர ஒரே பெயரில் 4 வரை, தொடக்க லைஃப் 20. சுழற்சி கிடையாது. காகிதக் கார்டுக்கும் கணினியில் விளையாடும் மேஜிக் ஒன்லைனுக்கும் 2019 இலிருந்து ஒரே பட்டியல்தான்.

"எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். லைட்னிங் போல்ட் 1993 இல் கொமனாக வந்தது. பின்னர் மாஸ்டர்ஸ் 25 தொகுப்பில் வெள்ளி நிறச் சின்னத்தோடு, அதாவது அன்கொமனாக, வந்தது. அந்த வெள்ளிச் சின்னக் கார்டும் போப்பரில் செல்லும். எந்த அச்சு மலிவோ அதை வாங்கலாம். சந்தேகம் வந்தால் ஸ்க்ரைஃபால் தளத்தில் கார்டின் பெயரைத் தேடுங்கள். எந்த ஃபோர்மட்டில் செல்லும், எதில் தடை என்று அதே பக்கத்தில் இருக்கும்.

இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். இணையத்தில் கிடக்கும் பழைய சிவப்பு டெக் பட்டியல்களில் மொனாஸ்டெரி ஸ்விஃப்ட்ஸ்பியரும் குல்டோதா ரிபேர்த்தும் அடிக்கடி வரும். முதலாவது 2023 மே மாதத்திலும் இரண்டாவது 2025 மார்ச் மாதத்திலும் தடைசெய்யப்பட்டன. பட்டியலின் திகதியைப் பாராமல் வாங்கினால் 8 கார்ட் வீணாகலாம்.

படி 2: பட்டியல்

- லைட்னிங் போல்ட் 4
- செயின் லைட்னிங் 4
- லாவா ஸ்பைக் 4
- ரிஃப்ட் போல்ட் 4
- ஸ்கியூவர் த கிரிட்டிக்ஸ் 4
- சியரிங் பிளேஸ் 4
- ஃபயர்பிளாஸ்ட் 4
- தேர்மோ அல்கெமிஸ்ட் 4
- கிட்டு லாவாரன்னர் 4
- வொல்டாரென் எபிக்யூர் 4
- நீடில் டிராப் 2
- மௌன்டன் 18

பர்ன் டெக்கின் கணக்கு நேரடியானது. எதிராளியிடம் 20 லைஃப். 3 டெமேஜ் தரும் கார்ட் 7 சேர்ந்தால் 21. நீங்கள் முதலில் தொடங்கினால், 4ஆவது டேர்னில் மொத்தம் 10 கார்ட் பார்த்திருப்பீர்கள்: கையில் வந்த 7, எடுத்த 3. அதில் 3 லேண்டாகப் போனால் மீதி 7. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு கார்டையும் எடைபோட வேண்டும்: இது 3 டெமேஜ் தருகிறதா, அதையும் ஒரு மனாவுக்குத் தருகிறதா? 4 மனாவுக்கு 5 டெமேஜ் தரும் கார்ட் வாசிக்க அழகாக இருக்கும். ஆனால் 3 லேண்டோடு நிற்கும் கையில் அது ஒன்றும் செய்யாமல் கிடக்கும்.

புதியவர்கள் அதிகம் விடும் பிழை, பிடித்த கார்ட் ஒவ்வொன்றிலும் ஒன்று இரண்டு என்று சேர்ப்பது. 60 கார்டில் ஒரு கார்டை 4 தடவை வைத்தால், முதல் 7 கார்டில் அதில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். ஒன்று மட்டும் வைத்தால் 12 சதவீதத்துக்கும் குறைவு. வரவே வராத கார்டுக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. அதே காரணத்தால்தான் 61, 62 என்று டெக்கைப் பெருப்பிக்கவும் கூடாது.

லேண்ட் 18 என்பது குறைவாகத் தோன்றும். வேறு டெக்குகளில் 22, 24 பார்த்திருப்பீர்கள். இங்கே பெரும்பாலான ஸ்பெல் ஒரு மனா. 18 வைத்தால் முதல் கையில் 2 அல்லது 3 லேண்ட் வரும் வாய்ப்பு சுமார் 57 சதவீதம். ஒன்று மட்டும் வருவதோ ஒன்றுமே வராததோ சுமார் 31 சதவீதம். அந்த 31ஐப் பார்த்துப் பயந்து லேண்டைக் கூட்டினால், ஆட்டத்தின் கடைசியில் டெமேஜுக்குப் பதில் மௌன்டன் மௌன்டனாக வரும். பர்ன் தோற்பது பெரும்பாலும் அப்படித்தான். 18உம் மௌன்டனாகவே இருக்கட்டும்: ஃபயர்பிளாஸ்ட்டை மனா இல்லாமல் போட மௌன்டன் இரண்டைப் பலி கொடுக்க வேண்டும், வேறு லேண்ட் அதற்கு உதவாது.

செயின் லைட்னிங் கிடைக்காவிட்டால் ஃபயர்போல்ட் வையுங்கள். 2 டெமேஜ்தான், ஆனால் போட்டு முடிந்த கார்ட் போகும் கிரேவ்யார்டிலிருந்து 5 மனாவுக்கு இன்னொரு தடவை போடலாம். நீடில் டிராப்புக்குப் பதிலாகக் கெஸிக் ஃபிளேம்பிரீதர் வைக்கலாம். லைட்னிங் போல்ட்டுக்கும் ஃபயர்பிளாஸ்ட்டுக்கும் மாற்றுத் தேடாதீர்கள்.

படி 3: வாங்க முன் அச்சடித்து விளையாடுங்கள்

மேஜிக் கார்டின் அளவு 63 × 88 மில்லிமீற்றர். ஒரு ஏ4 தாளில் வரிசைக்கு 3 வீதம் 9 கார்ட் கொள்ளும். மௌன்டன் தவிர்ந்த 42உம் சைட்போர்ட் 15உம் சேர்ந்து 57; ஆக 7 தாள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தக் கொமினிகேஷனிலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லி எடுங்கள்: அளவு 100 சதவீதம். தாளுக்குப் பொருத்தும் தெரிவு இருந்தால் கார்ட் சுருங்கி ஸ்லீவுக்குள் (கார்ட் உறைக்குள்) ஆடும். வெட்டிய தாளை ஸ்லீவில் ஒரு பழைய கார்டுக்கு முன்னால் செருகினால் கலைக்கவும் முடியும். இவை வீட்டுப் பயிற்சிக்கு மட்டுமே. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் செல்லாது.

முதலில் எதிராளி இல்லாமல் தனியாக 10 ஆட்டம். சியரிங் பிளேஸுக்கு எதிரில் ஒரு கிரீச்சர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டெமேஜ் எந்த டேர்னில் நிறைந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். 4 அல்லது 5 என்று வந்தால் டெக் ஓடுகிறது. 6ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் வைத்திருக்கக்கூடாத கையை வைத்திருக்கிறீர்கள். லேண்ட் இல்லாத கை, 5 லேண்ட் உள்ள கை இரண்டையும் திருப்பிக் கொடுங்கள். மறுபடி 7 எடுத்து ஒன்றை டெக்கின் அடியில் வைப்பதே விதி. பிறகு நண்பர்களோடு. ஆள் கிடைக்காவிட்டால் ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் கணினியோடு விளையாடலாம். கொகட்ரிஸ் என்ற மென்பொருளில் வெளிநாட்டு ஆட்களோடு விளையாடலாம். இந்த ஆட்டம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், போனது 7 தாளின் காசு மட்டுமே.

படி 4: ஓடர்

மௌன்டனை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்காதீர்கள். தொடக்கநிலை டெக் வாங்கிய எவரிடமும் அடிப்படை லேண்ட் குவிந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். எல்லோருக்கும் தேவைப்படும் லைட்னிங் போல்ட்டையும் முதலில் இங்குள்ள ஆட்டக்காரர்களிடம் விசாரியுங்கள்.

மீதியில் பெரும்பாலானவை ஒரு டொலரைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் இருக்கும். பட்ஜெட்டை உடைப்பது அனுப்புகூலி. 75 கார்டின் எடை 150 கிராமுக்குள் அடங்கிவிடும், ஆனாலும் கடைகள் பொதிக்கென்று ஒரு கட்டணம் வைத்திருக்கும். 10 கார்ட் எடுத்தாலும் 200 எடுத்தாலும் அதில் பெரிய வித்தியாசம் வராது. எனவே மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஓடராகப் போடுங்கள். கடையை இடையில் மாற்றாதீர்கள்: ஒரு கார்ட் 20 சதம் மலிவு என்று இரண்டாவது கடைக்குப் போனால் இரண்டாவது கூலியும் வரும். இலங்கை முகவரிக்கு அனுப்புவார்களா என்று கூடையை நிரப்ப முன்பே பாருங்கள். சுங்க வரிக்கும் கையாளும் கட்டணத்துக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து சொந்தக்காரர் யாரும் விடுமுறைக்கு வருகிறார்கள் என்றால் அந்த வீட்டு முகவரிக்கே ஓடர் போடுவது எல்லாவற்றிலும் மலிவு.

கார்டின் நிலையைத் தெரிவுசெய்யும்போது "லைட்லி பிளேய்ட்" போதும். ஓரத்தில் இலேசாக வெள்ளை தெரியும். ஸ்லீவுக்குள் அது பொருட்டே அல்ல. பளபளக்கும் ஃபொயில் கார்டைத் தொடவேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் அது வில்லாக வளையும், வளைந்த கார்ட் டெக்கில் எங்கே இருக்கிறது என்று பக்கத்திலிருந்தே தெரியும், போட்டியில் அது குறியிட்ட கார்டாகக் கணக்கெடுக்கப்படும். விளையாட்டுச் சாமான் கடைகளில் மிக மலிவாகத் தொங்கும் பக்கெட்டுகள் போலியாக இருக்கலாம். கையில் வாங்கும்போது கார்டின் பின்பக்கம் இருக்கும் பச்சைப் புள்ளியை உருப்பெருக்கியால் பாருங்கள்: அசலில் அதற்குள் நான்கு சிறு சிவப்புப் புள்ளிகள் எல் எழுத்து வடிவில் இருக்கும்.

படி 5: ஸ்லீவ்

66 × 91 மில்லிமீற்றர் அளவு, 100 கொண்ட பக்கெட் ஒன்று. 75 போக மீதி 25 கிழிசலுக்கு. யூ-கி-ஓவுக்கென்று விற்கும் சிறிய அளவில் இந்தக் கார்ட் நுழையாது. பின்பக்கம் ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொதி போட்டுவையுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் கட்டாயம்.

படி 6: ஒழுங்கு மாறினால் டெமேஜ் போகும்

ரிஃப்ட் போல்ட்டை 3 மனாவுக்குப் போட வேண்டியதில்லை. ஒரு சிவப்பு மனாவுக்குச் சஸ்பென்ட் செய்தால், அதாவது ஒதுக்கி வைத்தால், அடுத்த டேர்னின் தொடக்கத்தில் தானாக வரும். அது அடித்தவுடன் அந்த டேர்னில் எதிராளி லைஃப் இழந்தவராகிறார். அப்போது ஸ்கியூவரை ஒரு மனாவுக்குப் போடலாம். ஸ்கியூவரை முதலில் எடுத்தால் 3 மனா கேட்கும்.

சியரிங் பிளேஸ் முழுதாக வேலைசெய்ய அந்த டேர்னில் உங்கள் லேண்ட் ஒன்று களத்துக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 3க்குப் பதில் 1. மூன்றாவது லேண்டுக்குப் பிறகு வருவதை உடனே வைக்காமல் கையில் பிடித்திருங்கள். எதிராளியிடம் கிரீச்சர் இல்லாவிட்டால் இதைப் போடவே முடியாது.

தேர்மோ அல்கெமிஸ்ட்டைத் தட்டி (டெப் செய்து) 1 டெமேஜ் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்பெல் போடுங்கள். இன்ஸ்டன்ட் அல்லது சோர்சரி ஸ்பெல் போட்டதும் அது நிமிரும், மறுபடி தட்டலாம். ஸ்பெல்லை முதலில் போட்டால் ஏற்கெனவே நிமிர்ந்திருப்பது நிமிர்வதால் ஒரு டெமேஜ் போய்விடும். எதிராளியின் டேர்ன் முடிவிலும் ஒரு தட்டு தட்ட மறக்காதீர்கள்.

ஃபயர்பிளாஸ்ட் கடைசி அடி. பலி கொடுக்கும் இரண்டு மௌன்டனிலும் முதலில் மனா எடுத்து, அதில் வேறு ஸ்பெல் போட்டுவிட்டுப் பிறகு பலி கொடுங்கள். எதிராளி அதை எதிர்த்து ரத்துசெய்தாலும் மௌன்டன் திரும்பி வராது.

படி 7: சைட்போர்ட் 15

பைரோபிளாஸ்ட் 4, ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் 4, ரெலிக் ஒஃப் புரொஜெனிட்டஸ் 3, எலெக்ட்ரிக்கரி 2, ஃபிளேரிங் பெயின் 2.

நீல டெக்குக்கு எதிராகப் பைரோபிளாஸ்ட் நான்கும் உள்ளே, நீடில் டிராப் 2உம் எபிக்யூர் 2உம் வெளியே. இதற்கு மேல் மாற்ற வேண்டாம்: டெமேஜ் தராத கார்ட் கூடக்கூட 7 கார்ட் கணக்கு நீளும். ஸ்மாஷ் அப்படியல்ல, ஆர்டிஃபெக்ட்டை உடைத்து 3 டெமேஜும் தரும், ஆர்டிஃபெக்ட் நிறைந்த அஃபினிட்டி டெக்குக்கு எதிராகத் தயங்காமல் நான்கையும் போடுங்கள். ரெலிக்கையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றி (எக்ஸைல் செய்து) எல்லாக் கிரேவ்யார்டையும் நீக்கும்போது உங்களுடையதும் சேர்ந்து வெளியேறும், அங்குள்ள ஸ்பெல்லால் பலம்பெறும் லாவாரன்னர் பலமிழக்கும். எலெக்ட்ரிக்கரி சின்னக் கிரீச்சர் கூட்டத்துக்கு. சிவப்பு டெமேஜைத் தடுக்கும் பிரிஸ்மாட்டிக் ஸ்ட்ராண்ட்ஸ் போன்றவற்றுக்கு ஃபிளேரிங் பெயின்.

பச்சை டெக்கில் வரும் வெதர் த ஸ்டோர்முக்கு இந்தச் சைட்போர்டில் மருந்து இல்லை. அது 3 லைஃப் தருவதோடு, அந்த டேர்னில் அதற்கு முன் இரு பக்கமும் போட்ட ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் இன்னொரு 3 தரும். ஒரே டேர்னில் 4 ஸ்பெல் கொட்டி முடிக்கப் பார்த்தால் எதிராளிக்கு 15 லைஃப் கிடைக்கும். எதிரே இரண்டு மனா திறந்திருந்தால் ஒரு டேர்னுக்கு ஒரு ஸ்பெல் என்று போடுங்கள். அவர் டெப் செய்து மனா தீர்ந்திருக்கும் டேர்னுக்கு ஃபயர்பிளாஸ்ட்டை வைத்திருங்கள்.