லீவில் வரும் பிள்ளைகளிடம் தப்பிய கதைகளையும் சொல்லுங்கள்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அத்தனை பட்டாளத்துக்காரர்கள். மாவட்டம் முழுக்க இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார், சுபேதார் ஐயாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டாளத்திலிருந்து லீவில் வரும் பையன்களிடம் சண்டைக் கதையோடு, மயிரிழையில் தப்பிய கதைகளையும் சொல்லுங்கள்.

"பார்த்து இருப்பா" என்று முடித்துவிட வேண்டாம். கை எந்த வரிசையில் என்ன செய்தது என்று சொல்லுங்கள். துப்பாக்கியைக் காலி செய்வதையே எடுத்துக்கொள்வோம். முதலில் தோட்டாக்கள் அடைத்த மேகஸினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் காக் செய்து, அதாவது காக்கிங் பிடியைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டாவோடு மேகஸின் இருக்கும்போதே காக் செய்துவிட்டு, பிறகு கழற்றினால், ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடும். காலி என்று நம்பி விசையை அழுத்தினால் வெடிக்கும். டியூட்டி முடிந்த அசதியில் இந்த வரிசை எளிதில் மாறிவிடும்.

பனிப் பிரதேசத்தில் கூடாரத்தைச் சூடாக்கும் புகாரி அடுப்பு நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதுசு. மூடிய கூடாரத்தில் அந்த அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் நிறமும் தெரியாது, வாசனையும் வராது. தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். குளிர்தான் காரணம் என்று போர்த்திப் படுப்பது உயிருக்கே ஆபத்து. காற்று வர வழி வேண்டும். தலை வலித்தால் எல்லாரையும் எழுப்பி உடனே வெளியேற வேண்டும்.

கதையில் ஆள் பெயர், யூனிட், இடம் வேண்டாம். பெயர் வந்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். நடுவில் நிறுத்தி, "நீயா இருந்தா இங்கே என்ன செய்வே?" என்று கேளுங்கள்.