பெங்களூரு வெயிலில் தேனீப் பெட்டி: கோடையில் செய்யக்கூடாதவை

பெங்களூருதானே, வெயில் என்ன பெரிய வெயில் என்ற நம்பிக்கையில்தான் இங்கே நம் ஆட்கள் பலர் மொட்டை மாடியில் தேனீ வளர்க்கிறார்கள். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி, 2024 ஏப்ரல் கடைசியில் 38.5 டிகிரி தொட்ட ஊர் இது. ஏப்ரல், மே வந்தால் "நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க, இன்னைக்குப் பெட்டி காலி" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. நாம் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ. இடம் சரிப்படாவிட்டால் கூட்டத்தோடு கிளம்பிவிடுவது அதன் குணம். ஆனால் வெயில் மட்டுமே அதைத் துரத்துவதில்லை, வெயிலைச் சமாளிக்க அது செய்யும் வேலையை நாம் கெடுப்பதுதான் முக்கால்வாசி காரணம் என்பது என் கருத்து.

அது என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடலாம். தேனீக் குஞ்சுகளான புழுக்கள் வளரும் அறையில் சூடு 33 முதல் 36 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே அதற்கு மேல் ஏறினால் வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையின் கண்களில் மெல்லிய படலமாகத் தடவுகின்றன, இன்னொரு கும்பல் இறக்கையை அடித்து விசிறுகிறது, நீர் ஆவியாகி அடை குளிர்கிறது. மதியம் பெட்டி வாசலில் குனிந்து பாருங்கள். நம் அடுக்குத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று விசிறும். இத்தாலியத் தேனீ இதற்கு நேர்மாறாக உள்ளே பார்த்து நின்று உள்காற்றை வெளியே இழுக்கும், நம்முடையது வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஆகவே அந்தச் சின்ன வாசலுக்கு முன்னால் பூந்தொட்டி, செங்கல், சாக்கு என்று எதையும் வைக்கக் கூடாது. குளிர்ச்சிக்கு என்று ஈரச் சாக்கைப் பெட்டி முழுக்கச் சுற்றி வாசலையும் மறைத்துவிடுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் உள்ளே புழுங்கிப்போகும். சாக்கு போடுவதாக இருந்தால் மேல்மூடி மேல் மட்டும் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் தவறு அதிகம். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் பெட்டி வைத்துப் பழகியவர்கள் தண்ணீர் தனியாக வைக்கவே மாட்டார்கள், அங்கே அது பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. இங்கே கதை வேறு. மார்ச், ஏப்ரல் மதியங்களில் பெங்களூரு காற்று வறண்டு கிடக்கும், அதனால் தேனீயின் இந்த ஆவியாக்கும் வித்தை இங்கே நன்றாகவே பலிக்கும், ஆனால் கையில் தண்ணீர் இருக்க வேண்டுமே. 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் லாரிக்காகத் தெருவே காத்துக்கிடந்தது நினைவிருக்கும், நமக்கே அந்தக் கதி என்றால் தேனீ எங்கே போகும்? தண்ணீரை வெயில் ஏறின பிறகு வைப்பது இரண்டாவது தவறு. ஒரு இடத்தில் குடித்துப் பழகிவிட்டால் தேனீ அதை எளிதில் மாற்றாது, பக்கத்து வீட்டு ஏசி குழாயடியையோ துளசி மாடத்தையோ பிடித்துக்கொண்டால் அப்புறம் சண்டைதான். பிப்ரவரியிலேயே அகலமான மண்சட்டியில் கூழாங்கல்லும் தேங்காய் நாரும் போட்டு, அவை நீருக்கு மேலே தெரியும்படி நிரப்பி, நிழலில் வையுங்கள். கால் ஊன்ற இடமில்லாத வாளியில் வைத்தால் குடிக்க வந்தது மூழ்கிச் சாகும். ஊருக்குப் போகும் நாட்களிலும் சட்டி காயக் கூடாது, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

வைக்கும் இடம். மேற்குச் சுவரை ஒட்டி வைப்பதும், சூடேறிய தளத்தின் மேலேயே வைப்பதும், மேலே வெறும் தகரம் போடுவதும் கூடாது. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும்தான், ஆனால் 40 டிகிரி வாக்கிலேயே அது இளக ஆரம்பித்துவிடும், தேன் நிறைந்த புது அடை தன் பாரத்தாலேயே அறுந்து விழும். அது புழுக்களின் மேல் விழுந்து தேன் ஒழுகினால் எறும்பு வரும், அத்தோடு கூட்டம் போச்சு. இரண்டடி உயரத் தாங்கி, எறும்பு ஏறாமல் அதன் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம், மதியத்துக்கு மேல் நிழல், இவ்வளவு போதும்.

சாயங்காலம் தேனீக்கள் கொத்தாக வாசலுக்கு வெளியே தொங்கினால் பயந்து பெட்டியைத் திறக்காதீர்கள். அது பெரும்பாலும் கூட்டம் பிரியும் அறிகுறி இல்லை, உள்ளே நெரிசலைக் குறைக்க வெளியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது கோடையில் செய்யக்கூடிய பெரிய கொடுமை. அவை பாடுபட்டுக் குளிரவைத்த காற்று ஒரே நொடியில் போய்விடும், இளகிய அடை கையோடு வரும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் பார்த்து மூடிவிடுங்கள்.

ஓசூர் பக்கமிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ பெட்டி வாங்கி வருகிறவர்கள் வாசலை அடைத்துப் பகலில் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அடைபட்ட தேனீ பதறும், பதறினால் சூடு கூடும், பாதிக் கூட்டம் வழியிலேயே செத்துப்போகும். பிழைத்து வந்தாலும் அந்தச் சூடு ராணி தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் விந்தணுக்களைக் கெடுத்துவிடலாம், அப்படியானால் சில வாரம் கழித்து முட்டை சரியாக இருக்காது, நமக்குக் காரணமும் புரியாது. இரவில், கம்பிவலை அடித்த மூடியோடு கொண்டுவாருங்கள்.

இனி தேன். மார்ச், ஏப்ரலில் புங்கை பூக்கிறது, நாவல் பூக்கிறது, பெட்டி கனக்கிறது, எல்லாவற்றையும் பிழிந்துவிடத் தோன்றும். மேலே இருக்கும் தேன் அறையில், அதுவும் மெழுகு மூடிய சட்டங்களை மட்டும் எடுங்கள், புழு அறையைத் தொடாதீர்கள். ஜூன் மழை தொடங்கினால் பூ குறைந்துவிடும், அப்போது தேனீக்குச் சாப்பிட புழு அறையில் இருக்கும் தேன்தான் இருக்கும். பற்றாக்குறை தெரிந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை இருட்டின பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள், வெளியே சிந்தினால் மற்ற கூட்டங்கள் கொள்ளையடிக்க வரும். வெல்லம் வேண்டாம், தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும்.

அப்படியும் கூட்டம் போய்விட்டதா? பெட்டியை அப்படியே மூடி வைக்காதீர்கள். தேனீ இல்லாத பழைய அடையில் கோடைச் சூட்டுக்கு மெழுகு அந்துப்பூச்சி மளமளவென்று பெருகி, அடையைச் சல்லடையாக்கி நூலாம்படை கட்டிவிடும், மரத்தையும் அரிக்கும். அன்றைக்கே அடைகளை வெட்டி உருக்கி, பெட்டியைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். சட்டங்களில் கொஞ்சம் மெழுகு தடவி வைத்துவிட்டு, மழை ஓய்ந்து திரும்பப் பூ வந்ததும் புதுக் கூட்டம் விடலாம். அதற்குள் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.